வருஷத்துக்கு ஒரே ஒரு கச்சேரிப் பயணம்தான் முடியும்னா எங்க போறது? சென்னை சீசனா, திருவையாறா, நவராத்திரி மண்டபமா, பெங்களூரு ராமநவமியா?

கர்நாடக சங்கீதக் கச்சேரி கேக்கறதுக்குன்னே ரயில் ஏறி போற ஆளுங்க நம்மள்ல நிறைய பேர் இருக்கோம், ஆனா வருஷம் முழுக்க அலைய லீவும் கிடையாது காசும் கிடையாது. அதனால என்கிட்ட திரும்பத் திரும்ப வர்ற கேள்வி இதுதான்: "ஒரு அஞ்சு நாள் லீவு தேத்திடுவேன், கொஞ்சம் பணமும் எடுத்து வச்சிருக்கேன், எந்த விழாவுக்குப் போகட்டும்?" கேக்கறவங்க பாதிப் பேர் மனசுக்குள்ள ஏற்கனவே சென்னைன்னு முடிவு பண்ணிட்டுதான் கேக்கறாங்க. மார்கழின்னா சென்னை, கச்சேரின்னா சென்னை, அப்படித்தான் நமக்குப் பழகிப்போச்சு. நான் மதுரைக்காரன், பாட்டு கத்துக்கிட்டவன் இல்ல, கேக்க மட்டும் தெரியும். இந்த நாலு இடத்துக்கும் போய் உக்காந்து கேட்டுட்டு எனக்குத் தோணுறது என்னன்னா, எத்தனை கச்சேரி கேக்க முடியும்ங்கறத வச்சு இடத்தை முடிவு பண்ணவே கூடாது. பாடுறவங்களுக்கு அங்க எவ்வளவு நேரம் குடுக்கறாங்க, அதுதான் மொதல் கேள்வி.

எதை எதை வச்சுப் பாக்கணும்

அந்த நேரக் கணக்கை மொதல்ல எடுத்துக்கலாம். ஒரு தோடி ராகமோ பைரவி ராகமோ விரிஞ்சு வரணும்னா, வார்த்தையில்லாம ராகத்தை மட்டும் பாடுற ஆலாபனைக்கே இருபது நிமிஷம் அரை மணி நேரம் வேணும், அப்புறம் வயலின்காரர் ஒரு ரவுண்டு, அப்புறம் பாட்டு, ஒரே வரிய விதவிதமா விரிக்கிற நிரவல், ஸ்வரம், மிருதங்கக்காரர் தனியா வாசிக்கிற 'தனி'. இதெல்லாம் இருபது நிமிஷ ஸ்லாட்டுக்குள்ள அடங்காது. அதுக்காக இருபது நிமிஷ ஸ்லாட் மட்டம்னு சொல்லல, அது வேற அனுபவம். உங்களுக்கு எது வேணும்ங்கறது உங்களுக்குத் தெளிவா இருக்கணும்.

ரெண்டாவது, எங்க உக்காருவோம், சத்தம் எப்படி இருக்கும். ஏசி ஹால் நாற்காலி, பந்தல் நாற்காலி, தரை, மணல் எல்லாத்துலயும் காது ஒரே மாதிரி வேலை செய்யாது, முதுகு வலிக்க ஆரம்பிச்சா அப்புறம் கல்யாணி ராகம் எங்க கேக்கறது.

மூணாவது செலவு. டிக்கெட் விலைய மட்டும் பாத்துட்டு இது இலவசம் அது காசுன்னு முடிவுக்கு வந்துடாதீங்க. ரூம், ராத்திரி ஆட்டோ, சாப்பாடு, அலைச்சல், தூக்கம் கெடுறது, இதெல்லாம்தான் நிஜ செலவு.

நாலாவது தேதி. சென்னை சீசன் இங்கிலீஷ் காலண்டர்ல நிலையா இருக்கு. மத்த மூணும் திதியைப் பொறுத்தது, வருஷா வருஷம் நகரும், லீவு போடுறவங்களுக்கு இது சின்ன விஷயம் இல்ல. அஞ்சாவது, கூட யார் வர்றாங்க. வயசான அம்மா அப்பாவ கூட்டிட்டுப் போறதும் தனியா போறதும் ஒண்ணில்ல.

ஒரு பார்வைக்கு:

| இடம் | எப்போ | ஒருத்தருக்குக் கிடைக்கிற நேரம் | உள்ள போக | உக்கார |
|---|---|---|---|---|
| சென்னை சீசன் | டிசம்பர் நடுவுல இருந்து ஜனவரி 1 வரை உச்சம் | சுமார் 2 முதல் 2.5 மணி நேரம் | பகல்ல பெரும்பாலும் இலவசம், சாயங்காலம் டிக்கெட் | ஏசி ஹால் நாற்காலி |
| திருவையாறு | தை மாச வாக்குல, புஷ்ய பகுள பஞ்சமி | சுமார் 20 நிமிஷம் | இலவசம் | பந்தல், தரை |
| நவராத்திரி மண்டபம், திருவனந்தபுரம் | செப்டம்பர்-அக்டோபர், 9 நாள் | 2.5 மணி நேரம், ஒரு நாளைக்கு ஒண்ணு | இலவசம் | தரை, வெளிய மணல் |
| பெங்களூரு ராமநவமி | மார்ச் கடைசி, ஏப்ரல்ல ஆரம்பிச்சு ஒரு மாசம் போல | 2.5 முதல் 3 மணி நேரம் | டிக்கெட் | பந்தல் நாற்காலி |

சென்னை மார்கழி சீசன்

இதோட அளவு வேற எங்கயும் கிடையாது, அதுல சந்தேகமே இல்ல. 1927ல மெட்ராஸ்ல காங்கிரஸ் மாநாடு நடந்தப்போ கூடவே ஒரு சங்கீத மாநாடும் நடந்துச்சு, அதுல இருந்து 1928ல பொறந்ததுதான் மியூசிக் அகாடமி. அதுக்கும் முன்னாடி 1900லயே ஆரம்பிச்ச பார்த்தசாரதி சுவாமி சபா இன்னைக்கும் நடக்குது. தமிழ்ப் பாட்டுக்குன்னு பாரிமுனைல தமிழ் இசைச் சங்கம். இது போக நாரத கான சபா, கிருஷ்ண கான சபா, வாணி மகால், மயிலாப்பூர் ஃபைன் ஆர்ட்ஸ், ரசிக ரஞ்சனி, பாரதிய வித்யா பவன்னு லிஸ்ட் போய்ட்டே இருக்கும். காலையில ஆறு மணிக்கு மயிலாப்பூர் மாட வீதில பாபநாசம் சிவன் ஆரம்பிச்சு வச்ச மார்கழி பஜனை வழிய பின்பற்றிப் பாடிட்டுப் போறவங்க பின்னாடி நடக்கலாம், ராத்திரி ஒன்பதரைக்கு கடைசி மங்களம் கேட்டுட்டு வெளிய வரலாம். ஒரு நாள்ல நாலு கச்சேரி கேக்கறது இங்க சாத்தியம்.

சாத்தியம்தான், ஆனா செய்யாதீங்க. காலையில லெக்டெம் (பாடிக் காட்டி விளக்குற உரை), மதியம் ஒரு இளைய வித்வான், நாலு மணிக்கு ஒண்ணு, ஆறரை ஏழுக்கு சீனியர்னு உக்காந்தா மூணாவது கச்சேரில இருந்து எதுவும் உள்ள போகாது, ஒரே நாள்ல நாலு கல்யாணத்துல பந்தில உக்காந்த மாதிரி ஆயிடும். மறுநாள் யோசிச்சுப் பாத்தா எந்த கரகரப்ரியாவ யார் பாடினாங்கன்னு குழம்பும். ஒரு நாளைக்கு ரெண்டு, அதிகபட்சம் லெக்டெம் ஒண்ணு சேத்துக்கலாம். இதை நம்பி டிக்கெட் வாங்குங்க.

பணம் கம்மியா இருக்கறவங்களுக்கு ஒரு விஷயம், பகல் நேரத்து கச்சேரி பெரும்பாலான சபால இலவசம். அகாடமிலயே காலை லெக்டெமுக்கும் மதியம் பாடுற இளையவங்களுக்கும் டிக்கெட் கிடையாது. பவன்லயும் காசில்லாம உக்காந்து நல்ல நல்ல கச்சேரி கேக்கலாம். இந்த மதிய ஸ்லாட்ட யாரும் குறைச்சு எடை போட வேணாம், இன்னைக்கு ஹவுஸ்ஃபுல் போர்டு மாட்ட வைக்கிறவங்க பலரும் இந்த ஒன்றரை மணி வெயில்ல பாதி காலி ஹாலுக்குப் பாடித்தான் வளந்தாங்க, அங்க உக்காந்து ஒரு புதுக் குரலைக் கண்டுபிடிக்கிற சந்தோஷம் சாயங்கால டிக்கெட்ல கிடைக்காது.

சாயங்கால சீனியர் கச்சேரிதான் சிக்கல். அகாடமி சீசன் டிக்கெட்ட வருஷா வருஷம் வச்சிருக்கறவங்களே திரும்ப வாங்கிடறாங்க, வெளியூர்ல இருந்து வர்றவங்களுக்கு தினசரி டிக்கெட்தான் கதி, பிரபலமானவங்க நாள்ல காலையிலயே வரிசைல நிக்கணும். அப்படி நின்னா அன்னைக்கு காலை லெக்டெம் போச்சு. இதுக்குப் பதிலா அதே வித்வான் அதே வாரத்துல மயிலாப்பூர்லயோ தி.நகர்லயோ கொஞ்சம் சின்ன சபால பாடுவாங்க, சீசன் அட்டவணைய டிசம்பர் மொதல் வாரமே உக்காந்து பாத்து அதைப் பிடிச்சுக்கிட்டா மேடைக்குப் பத்தடில உக்காந்து கேக்கலாம், எனக்கு எப்பவுமே அதுதான் பிடிக்கும்.

மறைஞ்ச செலவு இங்க ரொம்ப. கிறிஸ்மஸ், நியூ இயர்னு ரூம் வாடகை ஏறிடும், விமான டிக்கெட் ஏறிடும். மெட்ரோ வேலையால மயிலாப்பூர், லஸ், ஆழ்வார்பேட்டை பக்கம் ரோடு அடைஞ்சு கிடக்குது, ஒரு சபால இருந்து இன்னொரு சபாவுக்கு தாவுறதுல ஆட்டோ காசும் போகும், கச்சேரில மொதல் ரெண்டு பாட்டும் போகும். அதனால நாளைப் பிரிக்கிறப்போ ஏரியாவாப் பிரிங்க: ஒரு நாள் மயிலாப்பூர் மட்டும், ஒரு நாள் டிடிகே ரோடு, அதாவது அகாடமியும் நாரத கான சபாவும், ஒரு நாள் தி.நகர், கிருஷ்ண கான சபாவும் வாணி மகாலும். நடந்தே போற தூரத்துல ரூம் எடுத்தா வாடகை கூட இருந்தாலும் கணக்குப் பாத்தா லாபம். ஏசி குளிருக்கு ஒரு சால்வை. கேன்டீன் பத்தி தனியா சொல்ல வேண்டியதில்ல, அது நல்லா இருக்கும், ஆனா தனி ஆரம்பிச்ச உடனே காபிக்கு எந்திரிச்சு ஓடுற கூட்டத்துல சேந்துடாதீங்க, மிருதங்கக்காரர் ரெண்டு மணி நேரமா அந்தப் பத்து நிமிஷத்துக்காகத்தான் உக்காந்திருக்காரு.

இன்னொண்ணு, இது யாரும் கவனிக்கறதில்ல. டிசம்பர் கடைசி வாரத்துக்குள்ள பாதி வித்வான்களுக்குத் தொண்டை கட்டிடும். பனி, தொடர்ந்து கச்சேரி, தூக்கமில்ல. கேக்கறதுக்காகவே போறீங்கன்னா டிசம்பர் 15ல இருந்து 22க்குள்ள போறது நல்லது, குரலும் நல்லா இருக்கும் ரூமும் கொஞ்சம் மலிவா கிடைக்கும். வடகிழக்குப் பருவமழைக்கும் அது நேரம்தான்கறதையும் ஞாபகம் வச்சுக்கோங்க.

சென்னை யாருக்கு நல்லது: இன்னும் நிறைய வித்வான்களை நேர்ல கேக்காதவங்களுக்கு, எந்தக் குரல் எனக்குப் பிடிக்கும்னே தெரியாதவங்களுக்கு, வாத்தியம், பல்லவி, லெக்டெம்னு எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் ருசி பாக்கணும்ங்கறவங்களுக்கு, நாற்காலி கட்டாயம் வேணும்ங்கற பெரியவங்களோட போறவங்களுக்கு.

திருவையாறு ஆராதனை

தஞ்சாவூர்ல இருந்து பத்துப் பன்னெண்டு கிலோமீட்டர், காவிரிக் கரை. நிறைய கீர்த்தனை இயற்றின தியாகராஜர் 1847 ஜனவரில சமாதியான இடம், அந்தத் திதில அவருக்கு நடக்கற அஞ்சலிதான் ஆராதனை. அந்த சமாதிய தேடிப் பிடிச்சு தன் சொத்தை வித்து கோயிலா கட்டினது பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள். பெரிய கட்சி, சின்ன கட்சின்னு ஆம்பளைங்க ரெண்டா பிரிஞ்சு உற்சவம் நடத்திட்டிருந்தப்போ பெண்கள் பாடவே விடாத காலத்துல அவங்க தனியா பெண்கள் கோஷ்டி சேத்து பாட வச்சாங்க, 1940கள் தொடக்கத்துலதான் எல்லாம் ஒண்ணாச்சு. சமாதிக்கு எதுக்கவே அந்த அம்மாவுக்கும் நினைவிடம் இருக்கு, போறவங்க அங்கயும் ஒரு நிமிஷம் நின்னு கும்பிட்டுட்டு வாங்க.

இங்க கச்சேரி கேக்கலாம்னு நினைச்சுப் போனா ஏமாத்தம்தான். அஞ்சு நாள் காலையில இருந்து ராத்திரி வரைக்கும் ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா பாடுறாங்க, ஆளுக்கு இருபது நிமிஷம் மாதிரி, ஒண்ணு ரெண்டு கீர்த்தனை, அவ்வளவுதான். பெரிய பேரா இருந்தாலும் இதே கதை. சன்மானம் வாங்காம வந்து அஞ்சலியா பாடிட்டுப் போறாங்க. ஆலாபனை கோடு போட்ட மாதிரி வந்துட்டுப் போயிடும். பெரிய வித்வான் ஒருத்தருக்காக நாள் பூரா காத்திருந்து, அவர் ஏறி இறங்கினதும் "அவ்வளவுதானா"ன்னு முகம் தொங்கிப் போனவங்களப் பாத்திருக்கேன்.

ஆனா அவர் சமாதியான திதியான பஞ்சமி அன்னைக்குக் காலையில நடக்கறது இருக்கே, அது வேற எங்கயும் கிடையாது. தியாகராஜர் வாழ்ந்த வீட்டுல இருந்து உஞ்சவிருத்தி பஜனை (தெருவுல பாடிக்கிட்டே அரிசி வாங்கிட்டு வர்றது) வரும், சமாதில அபிஷேகம், புல்லாங்குழல்காரங்க கூடி 'சேதுலாரா' வாசிப்பாங்க, ஒன்பது மணி வாக்குல நாட்டைல 'ஜகதானந்தகாரக' எடுப்பாங்க பாருங்க, எதிரெதிரா உக்காந்த நூத்துக்கணக்கான வித்வான்களோட சேந்து பந்தல்ல இருக்கற எல்லாரும் பாடுவாங்க. நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீன்னு அஞ்சு ராகத்துல அவர் இயற்றின அஞ்சு பாட்டு, இதுதான் பஞ்சரத்னம். டிவில நேரடியா காட்டுறத வருஷா வருஷம் பாத்தாலும் அந்தச் சத்தம் அதுல வராது, பக்கத்துல உக்காந்திருக்கற பேர் தெரியாத பாட்டி வரியோட வரியா சாகித்யம் (பாட்டோட வார்த்தைகள்) சொல்றது காதுல விழணும்.

அதனால இங்க போக ஒரு தகுதி வேணும்னு நான் நினைக்கிறேன், சங்கீதம் முறையா படிச்சிருக்கணும்னு இல்ல, பஞ்சரத்னத்துல ஒண்ணு ரெண்டாவது சாகித்யத்தோட தெரிஞ்சிருந்தா போதும். மொத கீர்த்தனை சமஸ்கிருதம், மிச்சம் நாலும் தெலுங்கு. ரெண்டு மூணு மாசம் முன்னாடியே புத்தகம் வாங்கி தமிழ் எழுத்துல வச்சு கூடவே பாடிப் பழகுங்க. ஆரபில வர்ற 'சாதிஞ்செனே'வும் கடைசி 'எந்தரோ மஹானுபாவுலு'வும் பழகறதுக்குக் கொஞ்சம் சுலபம். வராளி கஷ்டம், வராளிய குரு நேரா சொல்லித்தரக் கூடாதுன்னு ஒரு நம்பிக்கை வேற இருக்கறதால தெரிஞ்சவங்களும் கம்மி.

செலவுக் கணக்கு: உள்ள போக காசில்ல. ஆனா திருவையாறுல தங்க இடம் ரொம்பக் கம்மி, தஞ்சாவூர்லதான் ரூம் எடுக்கணும், அதுவும் பொங்கலை ஒட்டி தேதி விழுந்தா பஸ்ஸு ரயில் ரெண்டுமே திண்டாட்டம். 2024ல ஜனவரி 30, 2025ல ஜனவரி 18ன்னு தேதி எப்படி ஓடுதுன்னு பாருங்க. பஞ்சமி அன்னைக்கு விடியறதுக்கு முன்னாடியே போய் இடம் பிடிக்கணும், ஆத்தங்கரைப் பனி, தரைல நாலஞ்சு மணி நேரம். முட்டி வலி இருக்கற பெரியவங்கள இந்த ஒரு நாள் மட்டுமாவது தஞ்சாவூர் ரூம்ல டிவி முன்னாடி உக்கார வச்சுட்டு மறுநாள் கூட்டம் குறைஞ்சப்புறம் சமாதிக்குக் கூட்டிட்டு வாங்க. கழிவறை வசதி கூட்டத்துக்குத் தக்க இருக்காது, இதைச் சொல்லாம விட்டா தப்பு.

எங்களுக்கு மதுரைல இருந்து தஞ்சாவூருக்கு பஸ்லயே நாலு மணி நேரம், சென்னைக்காரங்களுக்கு ராத்திரி உழவன் எக்ஸ்பிரஸ் இருக்கு. வந்ததோட பெரிய கோயில், சரஸ்வதி மகால், தஞ்சாவூர் வீணை செய்யற தெரு, சங்கீத மும்மூர்த்திங்க தியாகராஜர், முத்துசுவாமி தீட்சிதர், சியாமா சாஸ்திரி மூணு பேரும் பொறந்த திருவாரூர்னு சேத்து மூணு நாள் பயணமா போட்டா நிறைவா இருக்கும். அஞ்சு நாளும் திருவையாறுலயே உக்காரணும்னு அவசியம் இல்ல.

நவராத்திரி மண்டபம், திருவனந்தபுரம்

நம்ம ஊர்ப் பக்கம் இதைப் பத்தி தெரிஞ்சவங்க கம்மி, அதனாலேயே கொஞ்சம் விரிவா சொல்றேன். பத்மநாபசுவாமி கோயிலை ஒட்டி குதிரைமாளிகை அரண்மனைக்குப் பக்கத்துல மண்டபம். நவராத்திரிக்கு பத்மநாபபுரத்துல இருந்து சரஸ்வதி அம்மன், வேளிமலை முருகன், சுசீந்திரம் முன்னுதித்த நங்கை மூணு பேரும் ஊர்வலமா திருவனந்தபுரம் போவாங்க, கன்னியாகுமரி மாவட்டத்துக்காரங்களுக்கு இது நல்லா தெரியும். அந்த சரஸ்வதி முன்னாடிதான் ஒன்பது நாளும் கச்சேரி.

சாயங்காலம் ஆறு மணிக்கு ஆரம்பிச்சா எட்டரை, ஒரு நாளைக்கு ஒரே ஒரு கச்சேரி. அன்னைக்கு என்ன ராகம்ங்கறது திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் காலத்துல இருந்தே முடிவானது: மொத நாள் சங்கராபரணம், அப்புறம் கல்யாணி, சாவேரி, தோடி, பைரவி, பந்துவராளி, சுத்த சாவேரி, நாட்டக்குறிஞ்சி, ஒன்பதாம் நாள் ஆரபி. ஒவ்வொண்ணுக்கும் அவர் இயற்றின ஒரு நவராத்திரி கீர்த்தனை. யார் வந்து பாடினாலும் அந்த ராகம்தான் அன்னைக்கு மெயின், அதுல ஆலாபனை, தானம் (தாளக் கட்டு இல்லாம ஒரு ஓட்டத்தோட ராகத்தைப் பாடுறது), கீர்த்தனை. தானத்துக்கு மிருதங்கம் சேந்து வாசிக்கிறது இங்க மரபு, வழக்கமா சபால தானம் பாடுறப்போ மிருதங்கக்காரர் கைய கட்டிட்டுதான் உக்காந்திருப்பாரு, இங்க அது வேற ஒரு ஓட்டமா போகும், அதுக்காக மட்டுமே ஒரு தடவை கேக்கணும்.

கைதட்டக் கூடாது. எண்ணெய் விளக்கு வெளிச்சம். ஆம்பளைங்க வேட்டி கட்டித்தான் போகணும், பெண்கள் புடவை மாதிரி மரபான உடை. போன் எடுத்து ரெக்கார்ட் பண்ற பேச்சே கிடையாது. ஒரு பாட்டு முடிஞ்சதும் கைதட்டல் இல்லாம அப்படியே அமைதியா அடுத்த பாட்டுக்குப் போறத மொத தடவை கேக்கறப்போ வித்தியாசமா இருக்கும், அரை மணி நேரத்துல மனசு அதுக்குப் பழகிடும், அப்புறம் ஸ்வரத்தோட கடைசி முடிப்புக்கும் அடுத்த பாட்டோட மொத எடுப்புக்கும் நடுவுல தம்பூரா மட்டும் கேக்கும் பாருங்க, அந்த சுகத்துக்குத்தான் நான் திரும்பத் திரும்ப இந்த இடத்தை சிபாரிசு பண்றேன். பல தலைமுறையா பெண்கள் பாடக் கூடாதுன்னு இருந்துச்சு, 2006ல பாடகி பாறசாலை பொன்னம்மாள் பாடித்தான் அந்தக் கதவு திறந்துச்சு. இதையும் சொல்லாம மரபை மட்டும் புகழ்ந்துட்டுப் போக எனக்கு மனசில்ல.

இதுல இருக்கற பெரிய வசதி, முன்கூட்டியே தயார் பண்ணிக்கலாம். அஞ்சாம் நாள் போறீங்கன்னா பைரவி, அது நிச்சயம். ஒரு மாசம் முன்னாடி இருந்தே வீட்ல பைரவியா கேட்டு ஊறிட்டுப் போனா அந்த ரெண்டரை மணி நேரத்துல உங்களுக்குக் கிடைக்கிறது சென்னைல பத்து கச்சேரில கிடைக்கிறத விட அதிகம்னு அடிச்சு சொல்லுவேன்.

பாதகம்? ஒரு நாளைக்கு ஒண்ணுதான், பகல் முழுக்க சும்மா. கோயில், நேப்பியர் மியூசியம், கோவளம்னு போகலாம், ஆனா கேக்கறதுக்கு மட்டும் வந்தவங்களுக்கு "ரூம் வாடகை கட்டி ஒரே ஒரு கச்சேரியா"ன்னு தோணும். ஆயுத பூஜை லீவுன்னா ரயில்ல இடம் கிடைக்காது. அக்டோபர் சாயங்காலம் அங்க இடியோட மழை வழக்கம், வெளிய மணல்ல உக்காந்து கேக்கலாம்னு போனா கஷ்டம், ஐந்து மணிக்கெல்லாம் போய் நல்ல இடமா பாத்து உக்காந்துடுங்க. தரைல ரெண்டரை மணி நேரம் அசையாம உக்கார முடியாதவங்களும், ஓடியாடுற சின்னக் குழந்தைய கூட்டிட்டு வர்றவங்களும் இதைத் தள்ளிப் போடுறது நல்லது. பெரிய செலவு எதுவும் இல்ல, தம்பானூர் ஸ்டேஷன் பக்கம் ரூம் எடுத்தா கோயில் இருக்கற கிழக்கே கோட்டை நடந்து போற தூரம்தான். நாகர்கோவில், திருநெல்வேலிக்காரங்க ராகத்தைப் பாத்து ஒரு நாள் ரெண்டு நாள்னு போய்ட்டு வந்துடலாம், அவங்களுக்கு இதைவிட நல்ல டீல் கிடையாது.

பெங்களூரு ராமநவமி

ராமநவமிக்கு ஊர் முழுக்க கச்சேரி வைக்கிற பழக்கம் பெங்களூருல ரொம்ப காலமா இருக்கு. அதுல பெரிசு சாமராஜபேட்டை ராமசேவா மண்டலி, 1939ல ஆரம்பிச்சது, ஃபோர்ட் ஹைஸ்கூல் மைதானத்துல பந்தல் போட்டு ஒரு மாசம் போல நடக்கும். எம்.எஸ். சுப்புலட்சுமி மாதிரி பெரியவங்க எல்லாம் பாடின மேடை.

இதோட பலம் ரெண்டு. ஒண்ணு, சாயங்காலத்துக்கு ஒரு பெரிய கச்சேரிங்கறதால பாடுறவங்களுக்கு அடுத்த சபாவுக்கு ஓடணும்ங்கற அவசரம் இல்ல, அடுத்த ஆளுக்கு மேடைய காலி பண்ணணும்ங்கற நெருக்கடியும் இல்ல, நல்லா நின்னு நிதானமா பாடுவாங்க, மூணு மணி நேரம் போறதும் உண்டு. ரெண்டு, ஒரு மாசம் நடக்கறதால லீவே போடாம வெள்ளி சனி ஞாயிறு மூணு நாளைப் பிடிச்சுக்கலாம். வடநாட்டு இந்துஸ்தானி சங்கீதமும் ரெண்டு பேர் ஜோடியா நடத்துற ஜுகல்பந்தியும் நடுவுல வரும், அது பிடிச்சவங்களுக்கு ஒரே பயணத்துல ரெண்டும் ஆச்சு. பானகம், கோசம்பரி (பருப்புக் கலவை) குடுக்கற ராமநவமிப் பழக்கமும் சேந்து ஊரே கொஞ்சம் பண்டிகையா இருக்கும், ஏப்ரல் ராத்திரி சென்னை மாதிரி வேகாது.

குறைன்னா, பந்தல் பந்தல்தான். கே.ஆர். மார்க்கெட் பக்கம்ங்கறதால ஹாரன் சத்தம் உள்ள வரும், மெல்லிசா ஒரு சஹானா ராகம் எடுக்கறப்போ வெளிய லாரி கத்தும். கோடை மழை அடிச்சா பந்தல் கூரைல சத்தம் பலமா இருக்கும். பகல்ல கச்சேரி தேடினா அவ்வளவா கிடைக்காது. மேல, பெங்களூருல ரூம் வாடகைதான் மொத்தச் செலவுல பாதி, சொந்தக்காரங்க வீடு இருந்தா மட்டும்தான் இது மலிவான பயணம். மெட்ரோ பக்கத்துலயே இருக்கு, கச்சேரி நீண்டா கடைசி ரயில் நேரத்தைப் பாத்துக்கோங்க. எங்களுக்கு மதுரை-பெங்களூரு வந்தே பாரத் 2024ல வந்ததுல இருந்து போக்குவரத்து லேசாயிடுச்சு.

பாடகர் செம்பை வைத்தியநாத பாகவதர் பேர்ல நடக்கற குருவாயூர் செம்பை சங்கீதோற்சவத்தையும் நிறைய பேர் கேக்கறாங்க. நவம்பர் வாக்குல, ஏகாதசியோட முடியற பதினஞ்சு நாள், ஆயிரக்கணக்குல வந்து பாடுவாங்க, ஆளுக்குச் சில நிமிஷம். அது கேக்கறதுக்குப் போற இடம்ங்கறத விட பாடுறதுக்குப் போற இடம், உங்க வீட்டுப் பிள்ளை பாட்டு கத்துக்கிட்டு இருந்தா மொத மேடைக்கு அதைவிட நல்ல இடம் இல்ல. கேக்க மட்டும்னா இந்த நாலோட வச்சுப் பாக்க வேணாம்.

அப்போ நீங்க எங்க போகலாம்

மொத தடவை பயணம்னா சென்னை, மறுபேச்சு இல்ல. அஞ்சு நாள், நாளுக்கு ரெண்டு கச்சேரி, டிசம்பர் மூணாவது வாரம். அங்க போய் உங்களுக்கு எந்த பாணி பிடிக்குதுன்னு தெரிஞ்சுக்கிட்டாத்தான் அடுத்த வருஷத்துக்கு முடிவெடுக்க முடியும்.

சென்னைக்கு ஏற்கனவே ரெண்டு மூணு சீசன் போய்ட்டு வந்து, "எல்லாம் கேட்டேன், எதுவும் நிக்கல"ன்னு உணர்றவங்களுக்கு நான் சொல்றது நவராத்திரி மண்டபம். மூணு நாள் போதும், தோடி, பைரவி, பந்துவராளின்னு நாலு, அஞ்சு, ஆறாம் நாள் சேந்து வர்ற மாதிரி போனா அதைவிட வேற என்ன வேணும். சத்தமில்லாம உக்காந்து ஒரு ராகத்துக்குள்ள போகணும்ங்கறவங்க வருஷம் ஒரே பயணம்னாலும் இதையே எடுக்கலாம், நான் அப்படித்தான் எடுக்கறேன்.

பாட்டு கத்துக்கறவங்க, கத்துக் குடுக்கறவங்க, வீட்ல தினம் ரெண்டு கீர்த்தனை பாடுறவங்க வாழ்க்கைல ஒரு தடவையாவது பஞ்சமிக்குத் திருவையாறு போகணும். ஒரு தடவை போதுமான்னா, பலருக்கு அப்புறம் நிக்காது, அது வேற விஷயம்.

லீவே கிடைக்காதவங்க, ஐடில வேலை பாக்கறவங்க, சின்னக் குழந்தைங்க இருக்கறவங்களுக்கு பெங்களூரு. குழந்தை அழுதா பந்தலுக்கு வெளிய தூக்கிட்டுப் போய் நின்னுக்கிட்டே கேக்கலாம், யாரும் முறைக்க மாட்டாங்க. எண்பதைத் தொட்ட அம்மா அப்பாவோட போறீங்கன்னா திரும்பவும் சென்னைதான், ஆனா ரூம்ல இருந்து நடக்கற தூரத்துல ஒரே ஒரு சபாவ வச்சுக்கிட்டு, மதியக் கச்சேரி ஒண்ணு சாயங்காலம் ஒண்ணுன்னு.

கையில காசு ரொம்ப இறுக்கம்னா திருவையாறும் திருவனந்தபுரமும் உள்ள போக இலவசம்ங்கறத மட்டும் பாக்காதீங்க, உங்க ஊர்ல இருந்து ரயில் செலவையும் ரெண்டு ராத்திரி ரூமையும் எழுதிப் பாருங்க, சில பேருக்கு சென்னைல சித்தப்பா வீட்ல தங்கி பகல் கச்சேரி மட்டும் கேக்கறது எல்லாத்தையும் விட மலிவா வந்துடும்.

எதை முடிவு பண்ணாலும் ரயில் டிக்கெட் இப்போ 60 நாளைக்கு முன்னாடிதான் திறக்குது, 2024 நவம்பருக்கு முன்னாடி 120 நாளா இருந்துச்சு, அந்தப் பழைய கணக்கை மறந்துடுங்க. நவராத்திரிக்கும் பொங்கலை ஒட்டின ஆராதனைக்கும் திறந்த அன்னைக்கே காலை எட்டு மணிக்கு உக்காந்துடணும். திதிய பஞ்சாங்கத்துல பாத்து அதுல இருந்து அறுபது நாள் பின்னாடி எண்ணி காலண்டர்ல வட்டம் போட்டு வைங்க, ரூமை அதுக்கும் முன்னாடியே பேசிடுங்க.